ஜி.எஸ் கையெழுத்துப் போட்டால் ஊர் சம்மதித்ததாகிவிடுமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும். கேட்டவர் யாழ்ப்பாணத்தில் மருத்துவ மேற்படிப்புப் படிக்கிறார். வலிகாமத்தில் சில கிராமங்களை எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் உள்ள நைத்திரேற்று (உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் தண்ணீரில் சேர்வது) அளவையும், அதைக் குடிக்கிற கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளின் உடல்நலத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஆய்வு அவருடையது. ஆய்வுக்கு அனுமதி தரவேண்டிய நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பி, "சமூகத்தை எப்படி ஈடுபடுத்தப் போகிறீர்கள், இரண்டு கிழமைக்குள் எழுதித் தாருங்கள்" என்று கேட்டிருக்கிறது. கிராம சேவகரின், அதாவது ஜி.எஸ்ஸின், கடிதம் அவர் கையில் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரியின் அனுமதியும் இருக்கிறது. சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைப்பதாகவும் எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்.

நேரே சொல்கிறேன், இது போதாது. கடிதமும் அனுமதியும் கட்டாயம் வேண்டும், அவை இல்லாமல் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது. ஆனால் அவை நீங்கள் உள்ளே வருவதற்கான அனுமதி மட்டும்தான். ஊரை ஈடுபடுத்துவது அதற்கப்புறம் தொடங்குகிற வேலை, சரியாகச் சொன்னால் அதற்கு முன்பே தொடங்கியிருக்கவேண்டிய வேலை.

20 வருடங்களாகக் களத்தில் ஆய்வு செய்கிறவன் நான். இந்த விஷயத்தை எனக்கு விளங்கவைத்தது எந்த வழிகாட்டி நூலும் இல்லை, ஒரு சொப்பிங் பைதான். சில வருடங்களுக்கு முன் வலிகாமம் கிழக்கில் ஒரு வீட்டுக்குப் போனோம். விறாந்தை முழுக்க வெங்காயம் பரவிக் கிடந்தது, அதை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு இரண்டு கதிரை போட்டுத்தந்தார் ஒரு அம்மா, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆய்வைப் பற்றி விளக்கும் தகவல் தாளை நான் நீட்டினேன். "நில்லுங்கோ பிள்ளை" என்று உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்த கிளினிக் கொப்பி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தார். அடியில் நாலாக மடித்த மூன்று தகவல் தாள்கள் இருந்தன. மூன்றும் வேறு வேறு ஆய்வு, வேறு வேறு வருடம். "இவையளும் தண்ணி எடுத்தவை. இவை ரத்தமும் எடுத்தவை. இதில என்ர கையெழுத்தும் கிடக்கு. ஒருத்தரும் திரும்பி வரேல்ல. நீங்களாவது சொல்லுங்கோ, என்ர கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ, இல்லையோ?"

எங்கள் கையில் இருந்தது நாலாவது தாள். அவரிடம் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை.

அந்த மூன்று ஆய்வுகளுக்கும் முறையான அனுமதி இருந்திருக்கும், கிராம சேவகரின் கடிதமும் இருந்திருக்கும். எனவே "அனுமதி எடுத்துவிட்டோம்" என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு அந்தப் பைதான் நினைவுக்கு வருகிறது.

நெறிமுறைக் குழு உங்களை வேண்டுமென்று இழுத்தடிப்பதாக நினைக்கவேண்டாம். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலகம் முழுக்க அடிப்படையாக எடுக்கப்படும் ஹெல்சிங்கி பிரகடனம் 1964இல் வந்தது. 2024இல் அதைத் திருத்தியபோது, ஆய்வுக்கு முன்னும் நடக்கும்போதும் முடிந்த பின்னும் பங்குபற்றுவோரையும் அவர்களுடைய சமூகத்தையும் அர்த்தமுள்ள வகையில் ஈடுபடுத்தவேண்டும் என்று எழுதிச் சேர்த்தார்கள். 2016இல் வந்த சர்வதேச நெறிமுறை வழிகாட்டிகளில் 7ஆவது வழிகாட்டி முழுக்க இதைப் பற்றியது, ஆய்வை வடிவமைப்பதிலிருந்து முடிவைப் பகிர்வது வரை மக்கள் இருக்கவேண்டும் என்கிறது. ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இலேயே மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் மக்களை ஒப்புக்கு உட்கார வைப்பார்கள், நடுவில் தகவல் சொல்வார்கள், கருத்துக் கேட்பார்கள், மேலே போகப்போகத் தீர்மானிக்கும் அதிகாரம் கைமாறும். நீங்கள் எழுதியிருக்கிற ஒரு கூட்டம் அந்த ஏணியில் மூன்றாவது படி, தகவல் சொல்வது. உச்சிக்கு ஏறச் சொல்லி ஒரு மேற்படிப்பு மாணவரிடம் நான் கேட்கமாட்டேன், ஆனால் இன்னும் இரண்டு மூன்று படி நிச்சயம் ஏறலாம்.

அடுத்தது, ஊர் என்று யாரைச் சொல்கிறோம்? யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம சேவகர் பிரிவுகள் இருக்கின்றன. நிர்வாகத்துக்கு ஒவ்வொன்றும் ஓர் அலகு, ஆனால் அதற்குள் வாழ்கிறவர்களைக் கேட்டால் நாலு ஊர் இருப்பதாகச் சொல்வார்கள். நீங்கள் கூட்டம் வைத்தால் வரப்போகிறவர்களை இப்போதே சொல்லிவிடலாம்: சனசமூக நிலையத் தலைவர், கோயில் தர்மகர்த்தா, ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், கிராம அபிவிருத்திச் சங்கத்தவர், மாதர் சங்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர். இவர்கள் வேண்டியவர்கள்தான், இவர்களை விட்டுவிட்டு எதுவும் நடக்காது. அடுத்தமுறை கூட்டத்தில் முன்வரிசைக் கதிரைகளைப் பார்க்காமல் வாசலைப் பாருங்கள். வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்றபடி கேட்டுவிட்டு, தேத்தண்ணி கொடுக்கும்போது மெல்லப் போய்விடுகிறவர்கள் இருப்பார்கள். கூட்டம் இருப்பதே தெரியாமல் தோட்டத்தில் கூலிக்கு வெங்காயம் நடுகிறவர்கள் இருப்பார்கள். உங்கள் ஆய்வில் பூச்சி மருந்தையும் உரத்தையும் கையால் தொடுகிறவர்கள் அவர்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் கிணற்றை ஆய்வு செய்துகொண்டு சாதியைப் பற்றிப் பேசாமல் தப்ப முடியாது. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்பது ஒரு காலத்தில் அடிதடியாக இருந்த மண் இது. இன்றைக்கு வெளியில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனாலும் சில இடங்களில் ஒரு குறிச்சிக்கே ஒரு கிணறுதான், அதுவும் பள்ளத்தில், தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் வடிகிற பக்கத்தில் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து நலன்புரி முகாம்களில் வருடக்கணக்காக இருந்த குடும்பங்களும் பொதுக் கிணற்றை நம்பியே வாழ்ந்தார்கள். உங்கள் மாதிரித் தெரிவு "வீட்டுக்கு ஒரு கிணறு" என்ற கணக்கில் இருந்தால் இப்படியானவர்கள் உங்கள் தரவிலேயே வரமாட்டார்கள். ஆகவே ஒரு பொதுக்கூட்டத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று சிறிய சந்திப்புகளை வெவ்வேறு குறிச்சிகளிலேயே வையுங்கள், கோயில் மண்டபத்துக்கு வராதவர் தன் வளவில் மாமரத்தடியில் நன்றாகக் கதைப்பார்.

கரையோரக் கிராமம் ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் முதலில் பிடிக்கவேண்டும், கத்தோலிக்க ஊரென்றால் பங்குத்தந்தையையும். தோட்டக்காரருக்கு நடுகைக் காலத்தில் கூட்டம் வைக்கவே வேண்டாம், நல்லூர்த் திருவிழா 25 நாளும் யாரையும் தேடவேண்டாம். தாய்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டுவிட்டு வரும் நேரம், பின்னேரம் நாலரைக்குப் பிறகு, இப்படி அவர்களிடமே கேட்டு நேரம் குறியுங்கள். கூலிக்குப் போகிறவர் அரை நாளை விட்டு வந்தால் அந்த அரை நாள் கூலியை உங்கள் செலவுத் திட்டத்தில் எழுதுங்கள், அது லஞ்சம் ஆகாது.

இனி, முன்பே போகவேண்டும் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். நாங்கள் ஒரு தண்ணீர் ஆய்வுக்குக் கேள்விக்கொத்துத் தயாரித்தோம். ஒரு நாளைக்கு எத்தனை குவளை தண்ணீர் குடிக்கிறீர்கள், கிணற்றின் ஆழம் என்ன, மலசலகூடக் குழி எத்தனை அடி தள்ளி இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக எழுதி, வீட்டுக் கிணற்றில் மாதிரி எடுப்பதாகத் திட்டம். அதை அச்சிடுவதற்கு முன் ஒரு முன்பள்ளியில் எட்டுத் தாய்மாரை இருத்தி வாசித்துக் காட்டினோம். மூன்றாவது கேள்வியிலேயே ஒரு தாய் சிரித்துவிட்டார். "எங்கட கிணத்துத் தண்ணியை ஆர் குடிக்கிறது? அது சவர். குளிக்க, உடுப்புத் தோய்க்கத்தான். குடிக்கிறதுக்கு ரெண்டு ஒழுங்கை தள்ளி நல்ல தண்ணிக் கிணத்தில எடுக்கிறம்." மற்றவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஒருவர் கோயில் கிணற்றில் அள்ளுகிறார், ஒருவருக்குக் கணவர் வேலையால் வரும்போது கானில் கொண்டுவருகிறார், ஒருவர் மாரியில் வீட்டுக் கிணறு, கோடையில் பவுசர், அதாவது தண்ணீர் வண்டி. அந்தப் பெண்கள் இல்லாவிட்டால் நாங்கள் யாரும் குடிக்காத தண்ணீரை அளந்து, அதைக் குடித்ததால் வந்த வருத்தம் என்று எழுதியிருப்போம். எந்தப் புள்ளிவிவரமும் அந்தப் பிழையைத் திருத்தியிருக்காது. மக்களைக் கேட்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்பது ஒரு பக்கம், கேட்காவிட்டால் ஆய்வே பிழைத்துப்போகும் என்பது இன்னொரு பக்கம், நெறிமுறைக் குழுவுக்கு இரண்டையும் எழுதுங்கள்.

குடும்பநல உத்தியோகத்தர், அதாவது எங்கள் மிட்வைஃப், இந்த வேலையில் உங்களுக்குப் பெரிய துணை. எந்த வீட்டில் யார் கர்ப்பம், யாருக்குப் புட்டிப்பால், எந்த வீட்டில் மாமியாரைக் கேட்டால்தான் பதில் வரும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். அவரை வைத்தே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். தடுப்பூசி போடுகிறவரும் நிறை பார்க்கிறவரும் வந்து "இதில ஒருக்கா கையெழுத்து வையுங்கோ" என்றால் எந்தத் தாய் மாட்டேன் என்பார்? மறுத்தால் நாளைக்கு கிளினிக்கில் முகம் கொடுக்க முடியுமா என்றுதான் அவர் யோசிப்பார். மிட்வைஃப் உங்களை அறிமுகம் செய்துவைக்கட்டும், அப்புறம் அவர் எழும்பிப் போன பிறகு நீங்கள் கேளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதாவது பி.எச்.ஐ விஷயத்திலும் இதேதான், நுளம்புக் குடம்பிக்கு வழக்குப் போடுகிறவர் பக்கத்தில் நின்றால் கிணற்றடியைப் பற்றி யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. எங்கள் சனத்துக்குப் பெயர், விலாசம், அடையாள அட்டை எண், வீட்டுக்கு முன்னால் நின்று ஒரு படம், இவையெல்லாம் பழைய நினைவுகளைக் கிளப்புகிறவை. பதிவு என்ற சொல்லே சிலருக்கு வயிற்றைப் பிசையும். கிணறு இருக்கும் இடத்தைப் போனில் குறிக்கும்போது அதை ஏன் குறிக்கிறீர்கள், எங்கே வைத்திருப்பீர்கள், யார் பார்ப்பார்கள் என்று முதலே சொல்லிவிடுங்கள். போருக்குப் பிறகு எங்கள் பகுதிக்கு வந்து கதை கேட்டுக் குறித்துக்கொண்டு போனவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் கூட்டு உளவடு என்று எழுதியது, காயம் தனி ஆளோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் பிணைத்த நம்பிக்கையிலேயே பட்டிருக்கிறது என்பதைத்தான். அந்த நம்பிக்கையைத் தொட்டுத்தான் நீங்கள் தண்ணீர் கேட்கிறீர்கள்.

தமிழைப் பற்றியும் சொல்லவேண்டும். உங்கள் தகவல் தாளை இணைத்திருந்தீர்கள், வாசித்தேன். ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்த்தது என்று முதல் வரியிலேயே தெரிகிறது. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீன், அமெரிக்காவிலிருந்து வந்தவர், தமிழைப் படித்துத் தமிழிலேயே மாணவருக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்து, மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். அந்த மண்ணில் பிறந்த நாங்கள் ஒரு கர்ப்பிணித் தாயிடம் "தங்களது தன்னார்வப் பங்கேற்பு" என்று எழுதி நீட்டலாமா? "நீங்கள் சேர விரும்பினால் சேரலாம், இடையில் விட்டுவிடலாம், விட்டாலும் கிளினிக்கில் எதுவும் குறையாது" என்று எழுதுங்கள். பரிசோதனை என்ற சொல்லைப் பார்த்துப் பாவியுங்கள், "எங்களில பரிசோதிக்கப் போறியளோ" என்று கேட்பார்கள். எழுதிய பிறகு உங்கள் அம்மம்மாவுக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், அவர் எந்த இடத்தில் "என்ன சொன்னனீர்?" என்கிறாரோ அந்த இடத்தைத் திருத்துங்கள்.

இப்போது முடிவைத் திருப்பிக் கொடுப்பது. இதைப் பற்றி உங்கள் விண்ணப்பத்தில் இருப்பது ஒரே வரி, "முடிவுகள் சுகாதாரத் திணைக்களத்துக்கு வழங்கப்படும்". அந்த அம்மாவின் பைக்குள் அது போய்ச் சேராது.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதுவும் புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகளைக் காப்பாற்றுவதை வைத்துக் குறித்த அளவு. சுண்ணக்கல், மேலே மெல்லிய செம்மண், அதில் வருடம் முழுக்க உரம், பக்கத்தில் மலக்குழி, இப்படி இருக்கிற வலிகாமத்தில் அதைத் தாண்டுகிற கிணறுகளை நீங்கள் காணத்தான் போகிறீர்கள். கண்ட அன்றைக்கு அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தால் என்ன சொல்வீர்கள்? யார் சொல்வது, எத்தனை நாளுக்குள்? கொதிக்க வைத்துக் கொடுங்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிடாதீர்கள், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி நைத்திரேற்றின் செறிவு கூடும். தாய்ப்பால் கொடுக்கிறவர் பயந்து நிறுத்திவிடக்கூடாது என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும். பால்மா கரைக்க வேறு தண்ணீர் எங்கே எடுக்கலாம் என்று பிரதேச சபையோடும் சுகாதாரப் பணிமனையோடும் முதல் போத்தல் தண்ணீர் எடுப்பதற்கு முன்பே பேசி வைத்திருக்கவேண்டும். வழி காட்டாமல் பயத்தை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வருவது பாவம்.

சுன்னாகத்தில் மின்நிலையத்தைச் சுற்றி நடந்ததை நினைத்துப் பாருங்கள். கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் குடிக்கலாம் என்றார்கள், இன்னொரு பக்கம் வேண்டாம் என்றார்கள், பவுசர் வந்தது, போராட்டம் நடந்தது. கடைசியில் 2019இல் உயர் நீதிமன்றம் மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலம் முழுக்க நிபுணர்கள் இருந்தார்கள், ஆய்வுகூட றிப்போட்டுகள் இருந்தன. ஒரு கிணற்றுச் சொந்தக்காரருக்குத் தன் கிணற்றைப் பற்றித் தெளிவான ஒரு சொல் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. வலிகாமத்தில் தண்ணீர்ப் போத்தலோடு நீங்கள் இறங்கும்போது சனம் உங்களை அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கும், அதற்குக் கோபப்படாதீர்கள்.

ஊரின் பெயரை வெளியிடுவதா என்றும் ஊரைத்தான் கேட்கவேண்டும். "அந்த ஊர்த் தண்ணி கூடாது" என்று ஒருமுறை பெயர் வந்தால் காணி விலை இறங்கும், அந்த ஊர் மரக்கறியைச் சந்தையில் கேட்டுக் கேட்டு வாங்குவார்கள். சில ஊர்கள் பெயரைப் போடுங்கள், அப்போதாவது குழாய்த் தண்ணீர் வரட்டும் என்று சொல்லும், சில ஊர்கள் வேண்டாம் என்னும். எது சரி என்று உங்களுக்கோ எனக்கோ இங்கே இருந்து தெரியாது.

இரத்தமும் எடுப்பதென்றால், மிச்சமாகும் மாதிரியைப் பற்றியும் தெளிவாக எழுதுங்கள். அமெரிக்காவில் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் பழங்குடியினரிடம் 1990ஆம் ஆண்டளவில் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் எடுத்தார்கள். பிறகு அதே இரத்தத்தில் மனச்சிதைவு நோயைப் பற்றியும் அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வு செய்தது அந்த மக்களுக்குத் தெரியவந்தது. தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது அவர்களுக்கு நம்பிக்கை சார்ந்த விஷயம். வழக்குப் போய், 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டொலர் கொடுத்து மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. எங்கள் ஊரில் வழக்குப் போடமாட்டார்கள், ஆனால் அடுத்த ஆய்வுக்குக் கதவு திறக்கமாட்டார்கள். 2024 டிசம்பரில் பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போனபோது, இரத்தம் எடுக்கவும் தடுப்பு மாத்திரை கொடுக்கவும் எத்தனை அவசரமாக வீடு வீடாகப் போகவேண்டியிருந்தது என்று தெரியும்தானே. அப்படி ஒரு நாளில் வேண்டியது இந்தத் திறந்த கதவுதான்.

ஆகவே நெறிமுறைக் குழுவுக்கு நான் எழுதுவதென்றால் இப்படி எழுதுவேன். எட்டுப் பத்துப் பேர் கொண்ட ஓர் ஆலோசனைக் குழு, அதில் பாதிக்கு மேல் பெண்கள், பொதுக் கிணற்றில் அள்ளுகிறவர்களும் தோட்டக் கூலிகளும் கட்டாயம் இருப்பார்கள். கேள்விக்கொத்தும் மாதிரி எடுக்கும் கிணறுகளின் தெரிவும் அவர்கள் பார்த்துத் திருத்திய பிறகே இறுதியாகும், அவர்கள் சொன்னதில் எதை மாற்றினோம், எதை ஏன் மாற்றவில்லை என்பது குறிப்பாக எழுதப்படும். ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டுத் தண்ணீரின் அளவு தமிழில் எழுதிய ஒரு தாளாக இத்தனை நாளுக்குள் நேரில் கொடுக்கப்படும், அளவு தாண்டினால் இன்னார் வந்து இன்னது செய்வார். முடிவை வெளியிடுவதற்கு முன் ஊரில் சொல்லப்படும். இதற்கெல்லாம் ஆகும் போக்குவரத்து, தேத்தண்ணி, கூலி இழப்பு எல்லாம் செலவுத் திட்டத்தில் தனி வரியாக இருக்கும்.

இரண்டு கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள் என்றீர்கள். ஒரு மாதம் தவணை கேளுங்கள், காரணத்தைச் சொன்னால் தருவார்கள். அந்த மாதத்தில் ஒரு பின்னேரம் படிவமும் போத்தலும் இல்லாமல், மிட்வைஃபையும் கூட்டிக்கொண்டு போகாமல், அந்த ஊரின் நல்ல தண்ணிக் கிணற்றடிக்குப் போய் நில்லுங்கள். யார் குடத்தோடு வருகிறார்கள், யார் தள்ளி நின்று மற்றவர் போனபின் அள்ளுகிறார்கள் என்று பாருங்கள். குழுவுக்கு யாரைக் கேட்கலாம் என்பது அங்கே தெரிந்துவிடும்.